மலைக்காரியும் உப்பளத்துக்காரனும் துண்டு மாற்றிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் ஆடு பேசியது, மரம் பேசியது என்று சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய பேச்சு ஒன்று யார் காதிலும் விழாமல் நடந்துகொண்டிருந்தது. மனிதனுடைய உடம்புக்குள் சுருண்டு கிடக்கிற இழைகள் பேசிக்கொண்டிருந்தன. அதுவும் கொஞ்ச நஞ்சப் பேச்சில்லை, வாய் ஓயாத பேச்சு.

இழை என்றால் நூல் மாதிரிதான். ஆனால் அடியிலிருந்து நுனிவரை எழுத்து. மூக்கு எப்படி இருக்க வேண்டும், முடி சுருளுமா படியுமா, பல் எந்த வயதில் முளைக்கும் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒரு ஆளுக்கு நாற்பத்தாறு இழை. இருபத்துமூன்று ஆத்தாள் கொடுத்தது, இருபத்துமூன்று அப்பன் கொடுத்தது. ஆத்தாள் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் அப்பன் கொடுத்ததில் ஒரு ஜோடி உண்டு.

கோடிக்கரைப் பக்கம் வேம்பையன் என்று ஒரு உப்பளத்துக்காரன் இருந்தான். அவனுடைய அப்பன் தலைமுறை தலைமுறையாகக் கடற்கரைக்காரன். ஆத்தாள் அப்படியில்லை. மலையிலிருந்து தேன் விற்க வந்தவள், உப்பு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டியவள், திரும்பவே இல்லை. அதனால் வேம்பையனுக்குள் மலை இழை பாதி, கடற்கரை இழை பாதி.

அந்த மலை இழைகளில் ஒருத்திதான் சடைச்சி. நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை, நடுத்தரம். அவளுக்கு ஜோடி நாகமுத்து, உப்பளத்துப் பக்கத்து இழை. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்ற முறையில் இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது. சண்டைக்கும் குறைச்சல் இருக்காது.

"எங்க மலையில பலாப்பழம் பழுத்தா மூணு கணவாய் தாண்டி மணக்கும் சம்பந்தி. இங்க என்ன மணக்குது, கருவாடு!" என்பாள் சடைச்சி.

"கருவாடு மணக்குறதாலதான் உங்க மக மலைக்குத் திரும்பிப் போகல, சம்பந்தியம்மா" என்பார் நாகமுத்து.

சடைச்சிக்கு மலை ஏக்கம் போகவே இல்லை. பாறையில் கால்விரலை ஊன்றி ஏறியது, மூங்கில் காட்டுக்குள் மழை இறங்கும் சத்தம், தேனடையை அறுக்கும்போது கையில் வழிகிற சூடு, எல்லாவற்றையும் அவள் தன்னுடைய வால்பகுதியில் வைத்திருந்தாள். இழைகளுக்கு நினைவு எழுத்தோடு எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நேரம் கிடைத்தால் அந்த வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பாள். அவளுக்கு அதைவிடப் பிரியமானது ஒன்றும் கிடையாது.

இத்தனை வருஷம் ஒரே இடத்தில் கிடந்தும் இருவரும் தொட்டுக்கொண்டதில்லை. தொடக்கூடாது என்பது இழைகளின் கட்டுப்பாடு. உடம்பு முழுக்க அவர்களுடைய பிரதிகள் இருந்தாலும் வெளியே போக ஒரே வாசல்தான். அது விதைக்கூடம். அங்கே முறை வந்ததும் ஒவ்வொரு இழையும் தன்னைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதிக்கொள்ளும். இரண்டும் இடுப்பில் ஒட்டிக்கொண்டு இரட்டையாக நிற்கும். பிறகு மலை இழைகள் எல்லாம் ஒரு வரிசை, கடற்கரை இழைகள் எல்லாம் எதிர் வரிசை. இருபுறமும் வடக்காரர்கள் வடக்கயிறு பிடித்து நின்று இழுப்பார்கள். முதல் இழுப்பில் சம்பந்திகள் பிரிவார்கள். இரண்டாம் இழுப்பில் இரட்டைகள் பிரிவார்கள். ஆக நான்கு விதை. ஒவ்வொரு விதைக்கும் வால் முளைத்து, அது தன் பாட்டுக்கு நீந்திப் போய்விடும். போன விதை திரும்பி வந்ததில்லை. கூடத்தில் மிச்சமிருக்கிற பிரதிகள்தான் நடந்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்கும்.

இழைகளிலேயே மிக நெட்டையானவர் ஒருவர் உண்டு. அவரைப் பெரியவர் என்பார்கள். ஒவ்வொரு முறையும் இழுப்புக்கு முன்னால் அவர் சொல்வார்: "முழுசா வந்தோம், முழுசாப் போவோம்." எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ஒரு எழுத்து உடையாமல் போவதுதான் அவர்களுக்குக் கௌரவம்.

இந்தக் கௌரவத்தால் நேர்ந்தது என்னவென்றால், பெண் பிள்ளை பிறந்தால் அப்பன் வழிப் பங்கில் அது அப்படியே வேம்பையனின் ஆத்தாள். ஆண் பிள்ளை பிறந்தால் அப்படியே அவனுடைய அப்பன். ஏனென்றால் ஆண் பிள்ளையை உண்டாக்குகிற குட்டையன் என்ற சின்ன இழை கடற்கரை வரிசையில் நின்றது. வேம்பையனின் மனைவி பூங்காவனம் கொடுக்கிற பங்கு தனி. அதுவும் இதேபோல முழுசாகத்தான் வந்தது.

சரி, அச்சு அசலாகப் பிறந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கெட்டுத்தான் போயிற்று.

சடைச்சியின் தலைப்பக்கத்தில் ஒரு காவல் எழுதியிருந்தது. மலைக்காட்டில் குளிர்க்காய்ச்சலோடு பல தலைமுறை மல்லுக்கட்டிச் சம்பாதித்த காவல். அது உள்ளவர்களைக் காய்ச்சல் உலுக்கும், ஆனால் கொல்லாது. நாகமுத்துவிடம் அது கிடையாது. பூங்காவனத்திடமும் கிடையாது. உப்பளத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் தேங்கிய தண்ணீர், கொசு. பூங்காவனம் பெற்ற மூத்த ஆண் குழந்தை ஏழாம் மாதத்தில் காய்ச்சலில் போனது. அதற்கு அடுத்த ஆண் குழந்தை தவழக்கூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் பிறந்த பெண் குழந்தை தையல்நாயகிக்கும் அதே காய்ச்சல் வந்தது. அவள் மூன்று நாள் நடுங்கிவிட்டு எழுந்து கஞ்சி கேட்டாள்.

"பார்த்தீங்களா சம்பந்தி, எங்க பக்கத்துப் பிள்ளைன்னா அப்படி" என்று ஒருமுறை சடைச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நாகமுத்து முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மட்டுமில்லை, பல நாள் அப்படியே கிடந்தார்.

வெளியே வேம்பையன் அழுதால் உள்ளே சுவர் அதிரும். இரண்டாவது ஆண் குழந்தையைக் குழிக்குள் வைத்த நாளில் அது அதிர்ந்த அதிர்ச்சியில் சடைச்சிக்கு மலையும் மறந்தது, பலாவும் மறந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தாள். நாகமுத்து தன் தலைப்பக்கத்தை மடக்கி மறைத்துக்கொண்டு கிடந்தார்.

"ரெண்டும் என் கூட வந்த பிள்ளைங்க" என்றார். "நான் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தேன்."

சடைச்சிக்கு வெட்கமாகிவிட்டது. அவளிடமும் ஒரு ரகசியம் இருந்தது. சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னாள்.

"நான் ஒண்ணும் ஒழுங்கில்லை சம்பந்தி. என் இடுப்புக்குக் கீழே ஒரு குறை எழுதியிருக்கு. இருபது வயசு தாண்டினா காது அடைச்சுப் போகும். தேன் விக்க வந்தாளே, அவளுக்குப் போச்சு, அவ ஆத்தாளுக்கும் போச்சு. இப்ப வேம்பையனைப் பாருங்க. பூங்காவனம் முதுகுக்குப் பின்னால நின்னு அழுதா, அவனுக்கு அது தெரியலை. அந்தச் சின்னவ தையல்நாயகி இருக்காளே, அவளுக்கும் அதுதான் காத்துக்கிட்டிருக்கு. என் கூட வர்ற பிள்ளை பிழைக்கும், செவிடாகும்."

"என் கூட வர்ற பிள்ளைக்குக் காத்து திரும்புறது காதுல கேக்கும்" என்றார் நாகமுத்து. "கேக்குறதுக்கு உசிரு இருக்கணுமே."

அதற்கப்புறம் அவர்கள் கருவாட்டையும் பலாப்பழத்தையும் பற்றிச் சண்டை போடவில்லை.

அடுத்த முறை இவர்களுக்கு வந்தது. இருவரும் பிரதி எழுதிக்கொண்டு இரட்டையாக வரிசைக்கு வந்தார்கள். கோடை உச்சம். வேம்பையன் காலையிலிருந்து பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான். அந்தச் சூட்டிலோ என்னவோ, சடைச்சியின் இரட்டையில் ஒன்று இடுப்புக்குச் சற்று மேலே பட்டென்று அறுந்துவிட்டது.

அறுந்ததை ஒட்டுவதற்கென்றே அங்கே மாயக்கா என்று ஒருத்தி இருந்தாள். இழை இல்லை, வேலைக்காரி. கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. ஓடிவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நுனி பிஞ்சு நாலஞ்சு எழுத்து போயிருச்சே தாயி. என்ன எழுத்துன்னு தெரியாம நான் எப்படித் தைக்கிறது? உங்க சம்பந்தியை இங்க வரச் சொல்லுங்க. அவர் பக்கம் அதே இடத்துல என்ன இருக்குன்னு பார்த்துத் தைக்கிறேன்."

"தொடக்கூடாதே!" என்று பெரியவர் அங்கிருந்து சத்தம் போட்டார்.

"அப்ப அறுந்தபடியே அனுப்பட்டுமா?" என்றாள் மாயக்கா.

நாகமுத்து தயங்கித் தயங்கி வந்து சடைச்சியின் பக்கத்தில் நீளவாக்கில் படுத்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தொடுகை. அதே இடம் எது என்று கண்டுபிடிக்க இருவரும் தலையிலிருந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவள் ஒரு வரி சொல்வாள், அவர் அதே வரியைச் சொல்வார். பொருந்தினால் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வரி. ஒரு நாளில் முடிகிற காரியமில்லை, நாள்கணக்கில் நடந்தது.

வாசிக்க வாசிக்கச் சடைச்சிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மலை வேறு, கடல் வேறு என்று இத்தனை நாள் மார்தட்டியிருக்கிறாள். இப்போது பார்த்தால் ஆயிரம் எழுத்துக்கு ஒரு எழுத்துதான் வித்தியாசம். மற்றதெல்லாம் அப்படியே அதே எழுத்து. ஓர் இடத்தில் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு பழைய எழுத்துப்பிழைகூட இருந்தது.

"சம்பந்தி," என்றாள் மெதுவாக, "இதே பிழை உங்க கிட்டயும் இருக்கே."

"ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே இடத்துல தப்பா எழுதியிருக்க முடியாது" என்றார் அவர். "யாரோ ஒருத்தர் எழுதினதைத்தான் ரெண்டு பேரும் பார்த்து எழுதியிருக்கோம்."

அந்த ஒருவர் யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. மலைக்கு ஏறியவர்களும் கடலுக்கு இறங்கியவர்களும் பிரிவதற்கு முன்னால், ஏதோ ஓர் ஆற்றோரத்தில், ஒரே உலையில் பொங்கித் தின்றவர்களாக இருக்க வேண்டும். அந்த இடத்தைச் சடைச்சி பார்த்ததில்லை. ஆனாலும் மலையை நினைத்தால் வருகிற அதே ஏக்கம் அந்த இடத்தை நினைத்தபோதும் வந்தது. இவ்வளவு பக்கத்தில் சொந்தத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலத்தை வீம்பில் கழித்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

அறுந்த இடம் வந்தது. மாயக்கா ஊசியை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு" என்றார் நாகமுத்து. "மாயக்கா, நானும் இதே இடத்துல அறுந்தா, இவங்க தலைக்கு என் வாலைச் சேர்த்துத் தைக்க முடியுமா?"

சடைச்சிக்குச் சட்டென்று விளங்கியது. காய்ச்சல் காவல் அவளுடைய தலைப்பக்கம் இருந்தது. காதுக் குறை வால்பக்கம் இருந்தது. அறுந்த இடம் இரண்டுக்கும் நடுவில்.

"தைக்கலாம்" என்றாள் மாயக்கா. "எழுத்துதான் பொருந்துதே. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஒரு எழுத்தை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. துண்டாத்தான் மாறும். காதுக் குறையோட இந்தத் தாயி வால்ல இருக்கிற மத்ததும் போயிரும்."

மத்தது என்றால் என்னவென்று சடைச்சிக்குத் தெரியும். பாறையைப் பற்றுகிற நீளமான கால்விரல் அதில் இருந்தது. சிரித்தால் இடது கன்னத்தில் விழுகிற குழி அதில் இருந்தது. மூங்கில் காட்டு மழை, தேன் சூடு, அவள் மடியில் வைத்துப் படித்த எல்லாமே அதில்தான் இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் மாயக்கா. "நீங்க ரெட்டையா நிக்கிறீங்க. ஆளுக்கு ஒண்ணுதான் மாறும். நாலு விதையில ஒண்ணு பழைய சடைச்சி, ஒண்ணு பழைய நாகமுத்து. ஒண்ணுல காவலும் இருக்கும், காதும் இருக்கும். மிச்சம் ஒண்ணுல ரெண்டுமே இருக்காது. நல்லதைச் சேர்த்தா கெட்டதும் எதிர்ப்பக்கம் சேரத்தான் செய்யும்."

அந்த நான்காவது விதையை நினைத்துச் சடைச்சி நடுங்கினாள். காய்ச்சலில் சாகவும், சாகாமல் தப்பினால் செவிடாகவும் எழுதப்பட்ட ஒரு பிள்ளை. அதைத் தன் கையாலேயே செய்வதா? சும்மா இருந்துவிட்டால் அந்தப் பாவம் இல்லை. ஆனால் சும்மா இருந்ததற்குத்தான் இரண்டு குழி தோண்டியாகிவிட்டது.

"முழுசா வந்தோம்..." என்று பெரியவர் ஆரம்பித்தார். குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"முழுசாப் போயி என்னத்தைக் கண்டோம் பெரியவரே?" என்றாள் சடைச்சி. "என் வால்மேல எனக்கு உசிரு. ஆனா அதுக்காக இன்னொரு பிள்ளையைக் குழியில வைக்கச் சொல்றீங்களா? அந்த நாலாவது பிள்ளை எங்கயாவது பொறந்தா, அதுவும் நம்ம பிள்ளைதான். அதுக்கும் ஒரு நாள் ஒரு சம்பந்தி வருவாங்க, துண்டு கொடுப்பாங்க. வழின்னு ஒண்ணு இருந்தாத்தானே வருவாங்க?"

சொல்லிவிட்டு நாகமுத்துவைப் பார்த்தாள். அவர் தன் இரட்டையில் ஒன்றை அதே இடத்தில் மடக்கி முறித்தார். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மாயக்கா குறுக்கே மாற்றி இரண்டையும் தைத்தாள். சடைச்சியின் வால் நாகமுத்துவின் தலைக்குப் போயிற்று. நாகமுத்துவின் வால் அவளோடு வந்து சேர்ந்தது.

"பத்திரமா வச்சுக்கங்க சம்பந்தி" என்றாள் சடைச்சி. "மழை பேயுற வரியை அடிக்கடி படிங்க. மறந்துடும்."

"உங்களுக்கு வந்திருக்கிறதுல கிழக்கு வெளுக்குறப்ப கடல் எப்படி இருக்கும்னு ஒரு வரி இருக்கு" என்றார் நாகமுத்து. "எனக்காக அதை நீங்க படிங்க. அப்புறம், வெயிலைப் பார்த்தா தும்மல் வரும். எங்க வீட்டுப் பழக்கம், கோவிச்சுக்காதீங்க."

இதைப் பார்த்த மற்ற ஜோடிகள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொருவராகத் தங்கள் சம்பந்தியிடம் போய்ப் படுத்து, வாசித்து, துண்டு மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் பெரியவரே இரண்டு மூன்று இடத்தில் முறித்துக் கொடுத்தார். பாவம், குட்டையனுக்கு மட்டும் அவன் ஜோடியோடு எழுத்தே பொருந்தவில்லை. அவள் மிக நெட்டை, இவன் குட்டை, நுனியில் நாலு வரி மட்டும் ஒத்துப்போயிற்று. நுனிவிரலைப் பிடித்துக்கொண்டு அந்த அளவுக்கு மாற்றிக்கொண்டான்.

கட்டிப்பிடித்த குழப்பத்தில் மலை வரிசை எது, கடற்கரை வரிசை எது என்ற ஒழுங்கும் போயிற்று. ஆளாளுக்குக் கிடைத்த பக்கத்தில் நின்றார்கள். வடக்காரர்கள் இழுத்தார்கள். முன்பெல்லாம் பிடிமானம் இல்லாமல் யாராவது ஒருவர் தவறான பக்கம் சரிந்துவிடுவது உண்டு. இந்த முறை ஒருவரையொருவர் பற்றியிருந்ததால் இழுப்பு சரியாக நின்று, சரியாகப் பிரிந்தது. பிரிகிற நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டார்கள். பேச வேண்டியதையெல்லாம் முன்பே வாசித்தாகிவிட்டது.

கோடிக்கணக்கான விதைகளில் எது போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த முறை போய்ச் சேர்ந்தது சடைச்சியின் தலையும் நாகமுத்துவின் வாலும் கொண்ட விதை. குட்டையனும் அதே விதையில் இருந்தான். ஆண் பிள்ளை பிறந்தது. மறைக்காடன் என்று பெயர் வைத்தார்கள்.

ஊரார் வந்து பார்த்துவிட்டுக் குழம்பிப் போனார்கள். அப்பனைப் பெற்றவர் மாதிரியும் இல்லை, அப்பனைப் பெற்றவள் மாதிரியும் இல்லை. நெற்றி ஒருவருடையது, தாடை இன்னொருவருடையது. "இது யார் பிள்ளை மாதிரியும் இல்லையே" என்றார்கள். பூங்காவனம் யாரோடும் வாதாடவில்லை. அவள் ஏழாம் மாதத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

ஏழாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது. பிள்ளைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பூங்காவனம் கீழே இறக்காமல் மூன்று நாள் தோளிலேயே போட்டிருந்தாள். வேம்பையன் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் மார்பில் கை வைத்தபடியே இருந்தான். அழுகிறதா இல்லையா என்று அவனுக்குக் கையால்தான் தெரியும். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. வாசலுக்கு எடுத்துவந்ததும் பிள்ளை வெயிலைப் பார்த்து இரண்டு தும்மல் தும்மியது. பூங்காவனம் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிள்ளைக்குள் இருந்த சடைச்சியும் சிரித்தாள். "வந்துருச்சு சம்பந்தி, உங்க வீட்டுப் பழக்கம்" என்றாள். பதில் சொல்ல அவர் அங்கே இல்லை, அவருடைய வால் மட்டும்தான் இருந்தது. அதிலிருந்த கடல் வரியை ஒருமுறை படித்துப் பார்த்தாள். படிக்கப் படிக்கப் பழகிவிட்டது. ஆனாலும் மழை வரியைத் தேடி அவள் கை சில சமயம் பழைய இடத்துக்குப் போய்விட்டு வெறுமனே திரும்பும். அந்த ஏக்கம் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். தையல்நாயகி பழைய முறையில் முழுசாக வந்தவள், ஆகையால் அவளிடம் எல்லாம் இருந்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். கால்விரல் நீளம். மழை பெய்தால் ஏனென்று தெரியாமல் வாசலில் போய் நிற்பாள். தம்பிக்குள் இருந்த சடைச்சி அதைப் பார்த்துப் பார்த்து மனசை ஆற்றிக்கொள்வாள். தையல்நாயகிக்கு இருபத்தொன்று நடந்தபோது, எழுதியிருந்தபடியே, காது அடைத்தது. மறைக்காடனுக்கு இருபத்தொன்று வந்தது, இருபத்தைந்து வந்தது, முப்பதும் வந்தது. காற்று திரும்புவது அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அறுபது வயது வேம்பையன் வரப்பில் உட்கார்ந்திருக்க, அக்காளும் தம்பியும் பாத்தியில் உப்பு வாருவார்கள். மழைக்காற்று மாறினால் முதலில் தம்பிக்குத்தான் கேட்கும். அவன் வேலையை விட்டுவிட்டு வந்து அக்காள் தோளைத் தொட்டு, "அக்கா, மழை வருது" என்று அவள் முகத்துக்கு நேரே வாயசைத்துச் சொல்வான். அவள் வாருகட்டையைக் கீழே போட்டுவிட்டு முகத்தை நிமிர்த்திக்கொண்டு அங்கேயே நிற்பாள்.

சம்பந்திகள் இருவரும் முறித்துக் கொடுத்த அந்த நாளிலிருந்துதான் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. அக்காவுக்குக் கேட்காமல் போனதைத் தம்பி கேட்டுச் சொல்கிறான்.